பதினேழு ஒன்றை உடைத்த கதை

ஒன்று என்ற இலக்கத்தைப் பதினேழு தடவை பக்கத்தில் பக்கத்தில் எழுதினால் வருகிற எண், எதனாலாவது மீதியில்லாமல் பிரிபடுமா, படாதா? போனைத் தொடாமல் சொல்லுங்கள் பார்ப்போம்.

11111111111111111. இதுதான் ஆள்.

தெரியவில்லைதானே? பரவாயில்லை. இலங்கை மலையகத்து நோர்வூட் பஜாரில் ஹார்ட்வெயார் கடைக்கு மேல்மாடியில் என்னிடம் படித்த பதினேழு பிள்ளைகளுக்கும் தெரியவில்லை. எனக்குத் தெரியும். தெரிந்துகொண்டே ஒரு மாதத்துக்கு மேல் வாயை மூடிக்கொண்டிருந்தேன். என்னை நேரில் தெரிந்தவர்களுக்கு அது எப்பேர்ப்பட்ட தண்டனை என்று விளங்கும்.

அன்றைக்கு மழை பிடித்துக்கொண்ட பின்னேரம். தகரக் கூரையில் அடிக்கிற மழைக்கு மேலே கத்திப் படிப்பித்து எனக்குத் தொண்டை கட்டியிருந்தது. கீழே கடையிலிருந்து மண்ணெண்ணெய் வாசமும் புதுக் கயிற்று வாசமும் தரைப் பலகை இடுக்கு வழியாக ஏறி வரும். பொகவந்தலாவை பஸ் வளைவில் ஹோர்ன் அடித்தால் எங்கள் தளம் லேசாக நடுங்கும். அந்த நடுக்கத்திலேயே பலகையில் பதினேழு ஒன்றையும் எழுதி முடித்துத் திரும்பினால், வாசலில் ஒரு குடை சொட்டிக்கொண்டு நிற்கிறது. குடைக்குக் கீழே என் மாணவி பவித்ராவின் அப்பா.

அவரைத் தேயிலைத் தோட்டத்தில் எல்லோரும் தலைவர் என்றுதான் கூப்பிடுவார்கள். தோட்டத்துத் தொழிற்சங்கக் கமிட்டிக்குத் தலைவர். தோட்டத்தை நடத்துகிற துரையிடமே குரல் குறைக்காமல் பேசுகிற மனுஷன். ஒரு வார்த்தை சொன்னால் அதிலிருந்து இறங்கமாட்டார் என்று பெயர். அந்தப் பெயரை அவரும் பொத்திப் பொத்தி வைத்திருந்தார்.

"என்னா டீச்சர் இது? ஒன்னு ஒன்னா எழுதி வச்சிருக்கீங்க, பெரட்டுக்கு நிக்கிற மாரி?"

வகுப்பே சிரித்தது. காலையில் வேலைக்கு ஆள் பிரிக்கிற பெரட்டுக் களத்தில் ஆட்கள் அப்படித்தான் வரிசையாக நிற்பார்கள். நிஜத்தைச் சொன்னால் நானும் அதை நினைத்துத்தான் எழுதினேன். பதினேழு பேர், ஆளுக்கொரு ஒன்று.

"ஒரே நம்பருங்க தலைவர். கோடிக்கும் மேல கோடி."

"அந்தக் கோடியில எங்க லயத்துக்கு எத்தன வரும்?"

மறுபடியும் சிரிப்பு. அந்தச் சிரிப்பு அடங்குவதற்குள் அவர் மகளைப் பார்த்து, குரலை மாற்றாமல் சொன்னார்: "பவித்ரா, பையத் தூக்கு. நாளையிலருந்து நீ கலைப் பிரிவு."

சிரிப்பு பாதியில் அறுந்தது. சோக்குத்துண்டு என் கையிலிருந்து விழுந்து மூன்றாக உடைந்தது இப்போதும் கண்ணில் நிற்கிறது.

கெட்டவர் இல்லை

இந்த இடத்தில் அவரைத் திட்டத் தொடங்கிவிடாதீர்கள். போன வாரப் பதிவில் விடுதிச் சாப்பாட்டைப் பற்றி எழுதியதற்கே சமையல்கார அண்ணனைக் கழுவி ஊற்றினீர்கள். பாவம் அவர்.

தலைவர் சொன்னதில் கணக்கு இருந்தது. எங்கள் பக்கத்தில் தமிழில் இணைந்த கணிதம் படிப்பிக்க ஆள் கிடைப்பது லேசு இல்லை. உயர்தர வகுப்பில் கணிதப் பிரிவு எடுத்துவிட்டு, பாதியில் ஆசிரியர் மாற்றலாகிப் போய், மூன்று பாடமும் கவிழ்ந்து, கொழும்புக்குக் கடை வேலைக்குப் போன பிள்ளைகள் தொழிலாளர் வீட்டு வரிசையான ஒவ்வொரு லயத்திலும் உண்டு. கலைப் பிரிவு எடுத்தவர்கள் எப்படியோ ஒரு டீச்சர் நியமனத்துக்காவது வந்து சேர்கிறார்கள். அவர் தன் கண்ணால் பார்த்ததைச் சொன்னார்.

நான் கணிதம் படித்துவிட்டு வந்தவள்தானே என்று கேட்கப் போனேன். அவர் முந்திக்கொண்டார்.

"நீங்க படிச்சீங்க டீச்சர். இல்லேங்கல. உங்க கூட எடுத்த மத்த ஆளுங்க எங்க?"

எங்கள் செட்டில் ஆறு பேர் எடுத்தோம். பல்கலைக்கழகம் போனது நான் மட்டும்.

பவித்ரா எழும்பி நின்றாள். குட்டையான பிள்ளை, குரல் மட்டும் பஸ் நடத்துனர் குரல்.

"அப்பா, நான் மாறமாட்டேன்."

"மாறாம? இத படிச்சு நீ என்னாத்த உடைக்கப் போற?"

"இத." கையை நீட்டிப் பலகையைக் காட்டினாள். "இந்த நம்பர உடைக்கிறேன்."

அவள் என்ன சொல்கிறாள் என்று அவளுக்கே தெரியாது. எனக்குத் தெரியும்.

தலைவர் பலகையைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். "இது உடையுமா டீச்சர்?"

"உடையுங்க."

"எதுல உடையும்னு உங்களுக்குத் தெரியுமா?"

"தெரியும்."

"அப்ப நீங்க வாயத் தொறக்கக் கூடாது. போன்ல தேடி எடுக்கவும் கூடாது. பள்ளிக்கூடத் தவண முடியிறதுக்குள்ள புள்ளைங்களே உடைச்சிட்டா இவ கணக்கு படிக்கட்டும். உடைக்கலேன்னா நான் சொன்னது. இத்தன பேரு முன்னாடி சொல்றேன்."

குடையை விரித்துக்கொண்டு படியில் இறங்கினார். கீழே கடைக்காரர், நாங்கள் நானா என்று கூப்பிடுகிற முஸ்லிம் அண்ணன், அவரிடம் "என்ன தலைவர், மேல கூட்டமா?" என்று கேட்டதும், அவர் "ஒடைக்கிறாங்களாம்" என்று பதில் சொன்னதும் கேட்டது. நானா பதறிப்போய் "எத? என்ட சுவரயா?" என்றார்.

ஒன்றுகளின் குணம்

கணக்கு என்றால் ஓடுகிறவர்கள் இந்த ஒரு பகுதியை மட்டும் பல்லைக் கடித்துக்கொண்டு தாண்டுங்கள். சின்ன வகுத்தல் தெரிந்தால் போதும்.

இரண்டு ஒன்று எழுதினால் 11. ஒன்றாலும் தன்னாலும் தவிர வேறெதனாலும் பிரிபடாது. இப்படிப்பட்டவைதான் முதன்மை எண்கள். மூன்று ஒன்று, 111, மூன்று தரம் முப்பத்தேழு. ஐந்து ஒன்று, 41 தரம் 271. ஆறு ஒன்று தூள் தூளாகப் போய்விடும்: 3, 7, 11, 13, 37 என்று ஐந்து துண்டு. ஏழு ஒன்று, 239 தரம் 4649.

ஒன்றுகளின் எண்ணிக்கை பிரிபட்டால் அந்த எண்ணும் பிரிபடும். பதினைந்து ஒன்று என்றால் மும்மூன்றாக நறுக்கிவிடலாம். பதினேழை நறுக்க முடியாது. அதற்காக அது உடையாது என்றும் அடித்துச் சொல்ல முடியாது. பதின்மூன்று ஒன்று உடைகிறது. பத்தொன்பது ஒன்று உடைகிறதே இல்லை. வெளியே நின்று பார்த்தால் எல்லாம் ஒரே முகம்.

பல்கலைக்கழகத்தில் முதல் வருஷம் இதை ஒரு விரிவுரையாளர் பலகையில் எழுதிவிட்டு, "இரண்டு எண்களைப் பெருக்க ஒரு நிமிஷம், பெருக்கி வந்ததைப் பார்த்து அந்த இரண்டையும் கண்டுபிடிக்க ஒரு ஆயுள்" என்று சொல்லிவிட்டுத் தேத்தண்ணீர் குடிக்கப் போய்விட்டார். அன்று இரவு எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை. அதுவரைக்கும் கணக்கில் எந்தக் கேள்விக்கும் பின்பக்கத்தில் விடை இருக்கும் என்று நம்பிக்கொண்டிருந்த ஆள் நான்.

பிள்ளைகளுக்கு நான் ஏற்கனவே படிப்பித்திருந்த ஒரு குணம் மட்டும் கையில் இருந்தது. ஐந்து ஒன்றை உடைத்த 41, 271 இரண்டையும் பத்தால் வகுத்துப் பாருங்கள். மீதி ஒன்று. ஏழு ஒன்றை உடைத்த 239, 4649 இரண்டையும் பதினாலால் வகுங்கள். மீதி ஒன்று. ஐந்துக்கு அதன் இரட்டிப்பு, ஏழுக்கு அதன் இரட்டிப்பு. அப்படியென்றால் பதினேழு ஒன்றை உடைக்கிற முதன்மை எண்ணை முப்பத்துநாலால் வகுத்தால் மீதி ஒன்று வந்தே ஆக வேண்டும்.

அதாவது எல்லா எண்ணையும் பார்க்கத் தேவையில்லை. முப்பத்துநாலு முப்பத்துநாலாகத் தாண்டித் தாண்டிப் பார்த்தால் போதும். இதைப் பவித்ராதான் முதலில் பிடித்தாள். "மிஸ், அப்ப நடுவுல உள்ள முப்பத்துமூனும் சும்மாவா?" என்று கத்தினாள். நான் தலையை ஆட்டினேன். தலையை ஆட்டக் கூடாது என்று தலைவர் சொல்லவில்லை.

ஆளுக்கொரு நெரை

இருபத்தைந்து இலட்சம் வரைக்கும் பார்ப்பது என்று எல்லையை நான் போட்டேன். எந்தத் தேடலுக்கும் டீச்சர்தானே எல்லை போடுவது? அதுவரைக்கும் முப்பத்துநாலு முப்பத்துநாலாகத் தாண்டி, மூன்றாலும் ஐந்தாலும் ஏழாலும் பிரிபடுகிறதை எல்லாம் கழித்தால், ஆளுக்குக் கிட்டத்தட்ட இரண்டாயிரம் வகுத்தல் விழும்.

பிரித்துக்கொண்ட விதம் அவர்களுடையது. நான் ஒன்றும் சொல்லவில்லை. கலைச்செல்வி எழும்பி, "நெர போட்டுக்குவோம்" என்றாள். அவ்வளவுதான், எல்லோருக்கும் விளங்கிவிட்டது.

வெளியில் உள்ள வாசகர்களுக்கு: கொழுந்து எடுக்கிற மலையில் கங்காணி ஒவ்வொரு ஆளுக்கும் ஒரு நெரை போட்டுக் கொடுப்பார். அந்தச் செடி வரிசை அன்றைக்கு அவளுடையது. பக்கத்து நெரைக்குள் கை நீட்டினால் அடிதடிதான். ஒருத்தி வேலைக்கு வராவிட்டால் அவள் நெரையை இரண்டு பக்கத்து ஆட்களும் பங்கு போட்டுக்கொள்வார்கள். ஒருத்தி கீழேயிருந்து ஏறுவாள், மற்றவள் மேலேயிருந்து இறங்குவாள், எங்கே சந்திக்கிறார்களோ அங்கே முடிந்தது.

எங்கள் பதினேழு பேரும் அப்படியே செய்தார்கள். முதல் ஆளுக்கு அடியிலிருந்து ஒரு துண்டு, அடுத்தவளுக்கு அதற்கு மேலே ஒரு துண்டு என்று இருபத்தைந்து இலட்சம் வரைக்கும் ஏணி மாதிரி ஏறியது. பதினாலாவது நெரை கலைச்செல்விக்கு. பதினைந்தாவது தினேஷுக்கு. பதினாறாவது பவித்ராவுக்கு.

போன் கல்குலேட்டரில் பதினேழு இலக்கமும் சேர்ந்தாற்போல் நிற்காது. அதனால் இரண்டாக வெட்டினோம். முதல் ஒன்பது ஒன்றை வகுத்து, வருகிற மீதிக்குப் பின்னால் மிச்ச எட்டு ஒன்றையும் ஒட்டி, திரும்ப வகுக்க வேண்டும். விடையில் தசமப் புள்ளி வந்தால் அது காரணி இல்லை, அடுத்தது. புள்ளி, அடுத்தது. புள்ளி, அடுத்தது. வகுப்பு முடிந்து அரை மணி நேரம் தட்டுவார்கள். பஸ்ஸில் தட்டுவார்கள். ஒருத்தன் கோயில் பூசையில் தட்டிக் குருக்களிடம் வாங்கிக் கட்டிக்கொண்டான்.

இரண்டாவது கிழமையே தினேஷுக்குக் காய்ச்சல். டிக்கோயா ஆஸ்பத்திரியில் படுக்க வைத்துவிட்டார்கள். அவன் நெரையில் ஒரு வகுத்தல்கூடத் தொடங்கியிருக்கவில்லை.

பங்கு போட வேண்டியது இரண்டு பக்கத்து ஆட்கள். கலைச்செல்வி கீழேயிருந்து. பவித்ரா மேலேயிருந்து.

எல்லோரும் அந்த இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்தார்கள். காரணம் இருக்கிறது.

அம்மாக்கள்

பவித்ராவின் அம்மாவும் கலைச்செல்வியின் அம்மாவும் ஒரே லயம், ஒட்டினாற்போல் இரண்டு வீடு. நடுவில் ஒரு சுவர். இரண்டு பேரும் பேசிக்கொள்வதில்லை. இந்தப் பிள்ளைகள் பாலர் வகுப்பில் இருந்த காலத்தில் ஒரு நெரைச் சண்டை. யாரோ வராத நாளில் பங்கு போட்ட நெரையில், நடுவில் இருந்த செடியைப் பவித்ராவின் அம்மா பறித்துவிட்டார் என்று மற்றவர் சொன்னார். இவர் "என் செடிதான்" என்றார். கூடை உருண்டது, மயிரைப் பிடித்தார்கள், வேலை மேற்பார்க்கிற கண்டாக்கு ஐயா வந்து விலக்கிவிட்டார்.

ஒரு செடி. ஒரு பிடி கொழுந்துகூடத் தேறாது.

என் அம்மாவும் கொழுந்து எடுத்தவர்தான், பொகவந்தலாவைப் பக்கம். சின்ன வயதில் லீவு நாளில் அவர் பின்னால் நெரைக்குள் நடந்திருக்கிறேன். செடியின் ஈரம் இடுப்பு வரைக்கும் ஏறும், அட்டை கடித்தது வீட்டுக்கு வந்த பிறகுதான் தெரியும். அங்கே கற்றுக்கொண்ட முதல் சட்டம், அடுத்த ஆள் செடியைத் தொடாதே. சந்தேகமாக இருந்தால் விட்டுவிட்டு வா. இது எனக்கும் தெரியும். தெரிந்தும் எனக்கு உறைக்கவில்லை பாருங்கள்.

பிள்ளைகள் இரண்டு பேரும் அடித்துக்கொள்ளவில்லை. பேசுவதில்லை, அவ்வளவுதான். ஒருத்தி பெஞ்சின் இந்த முனை, மற்றவள் அந்த முனை. நடுவில் மற்றவர்களை வைத்து அஞ்சல் நடக்கும். "அவகிட்ட சொல்லு, நான் எறங்கிக்கிட்டு இருக்கேன்னு." "அவகிட்ட சொல்லு, எனக்குக் கண்ணு தெரியிதுன்னு."

பவித்ரா இறங்கின வேகம் எனக்கே பயமாக இருந்தது. தன் நெரையை முடித்து, தினேஷ் நெரையில் பத்தில் ஒன்பது பங்கைத் தனியாளாக எடுத்துவிட்டாள். கண்ணுக்குக் கீழே கறுத்துவிட்டது. கலைச்செல்வி மெதுவாகக் கொஞ்சம் ஏறினாள்.

நான் ஒவ்வொரு நாளும் மேசையில் இருந்து அந்தப் போன்களையே பார்த்துக்கொண்டிருப்பேன். இன்றைக்கு வரும். இன்றைக்கு இல்லாவிட்டால் நாளைக்கு வரும். யார் வாயிலிருந்து அந்த அலறல் வரும் என்று காத்துக்கொண்டிருந்தேன்.

இல்லை

தவணை முடிகிற கிழமை, ஒரு வெள்ளிக்கிழமை பின்னேரம், பதினாறு பேரும் போனைக் கவிழ்த்து வைத்தார்கள்.

"முடிஞ்சிது மிஸ்."

"எல்லா நெரையுமா?"

"எல்லாம். தினேஷ்ட நெரையும் முடிஞ்சிது."

"அப்ப?"

"ஒன்னும் இல்ல மிஸ்."

ஒன்றும் இல்லையா? எப்படி இல்லாமல் போகும்? அது அங்கே இருக்கிறது. நான் பார்த்திருக்கிறேன்!

ஓடிப் போய்க் கடைக்குப் பின்னால் இருக்கிற தண்ணீர்க் குழாயடியில் நின்று, என் போனில் நானே வகுத்துப் பார்த்தேன். புள்ளி இல்லாமல் விடை வந்தது. இன்னொரு தடவை. வந்தது. நான் பைத்தியம் இல்லை. அப்படியானால் அந்த எண் விழுகிற தினேஷ் நெரையில் இரண்டு பேரில் யாரோ ஒருத்தி, ஆயிரக்கணக்கான வகுத்தலுக்கு நடுவில், எங்கேயோ ஒரு இலக்கத்தைப் பிழையாகத் தட்டிவிட்டாள். அது யார்?

நான் ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் முடிந்திருக்கும். "தினேஷ் நெரையத் திருப்பிப் பாருங்க." நாலு சொல். நாக்கு நுனி வரைக்கும் வந்தது. ஆனால் சொன்னால் பவித்ரா ஜெயித்ததாக அவள் அப்பா ஒத்துக்கொள்வாரா? டீச்சர் சொல்லிக் குடுத்திட்டா என்று ஒரே வீச்சில் வெட்டிவிடுவார். சரியாகத்தான் வெட்டுவார்.

மேலே வந்தேன். பவித்ரா பையை அடுக்கிக்கொண்டிருந்தாள். இணைந்த கணிதப் புத்தகத்தைத் தனியாக எடுத்து மேசையில் வைத்தாள்.

"இது யாருக்காவது குடுங்க மிஸ்."

அழவில்லை. அழுதிருந்தால் எனக்குக் கொஞ்சம் லேசாக இருந்திருக்கும்.

எங்கே நிறுத்தினாய்?

அடுத்த நாள் சனிக்கிழமை. அவள் வரமாட்டாள் என்றுதான் நினைத்தேன். வந்தாள். புத்தகத்துக்கு நடுவில் வைத்திருந்த குடும்ப அட்டைப் பிரதியை எடுக்க மறந்துவிட்டாளாம். எடுத்துக்கொண்டு திரும்பியவளைப் பெஞ்சின் அந்த முனையிலிருந்து ஒரு குரல் நிறுத்தியது.

"ஓடுறா பாரு."

கலைச்செல்விதான். எத்தனையோ வருஷத்துக்குப் பிறகு நேராக இவளிடம் பேசிய முதல் வார்த்தை.

பவித்ரா திரும்பினாள். "யாருடி ஓடுறா? ஒழுங்கா வகுத்திருந்தா நான் ஏன் ஓடுறேன்? நீதான் எங்கயோ பெசகிட்ட."

"நானா? நான் ஒவ்வொன்னையும் ரெண்டு தரம் தட்டுனேன். நீதான் பேய் மாரி எறங்குன. தாவித் தாவி விட்டிருப்ப."

"என் நெரையில ஒரு செடி விடல!"

"என் நெரையிலயும் விடல!"

"எங்க நிறுத்துன? சொல்லு பாப்போம். கடேசி என்னா?"

கலைச்செல்வி போனைப் பார்த்து ஒவ்வொரு இலக்கமாக வாசித்தாள். "ரெண்டு, பூச்சியம், ஏழு, ஒன்னு, ஆறு, ரெண்டு, ஒன்னு. நீ?"

"ரெண்டு, பூச்சியம், ஏழு, ஒன்னு, ஏழு, அஞ்சு, ஏழு."

"சரி, அப்ப ஒட்டிக்கிச்சில்ல."

"எங்கடி ஒட்டுச்சு? நடுவுல?"

"நடுவுல என்னா? அது ஒன்னோடது."

"என்னோடதா? நீ ஏறி வாரனு நான் விட்டேன்."

"நீ எறங்கி வாரனு நான் விட்டேன். நான் அத தொட்டா நாளைக்கு ஒங்கம்மா வந்து என் மயிர புடிக்கும்."

யாரும் சிரிக்கவில்லை. பதினாறு பேரும் ஒரே நேரத்தில் பலகையைப் பார்த்தார்கள்.

பவித்ரா சோக்கை எடுத்தாள். கலைச்செல்வி நின்ற இடத்திலிருந்து முப்பத்துநாலு முப்பத்துநாலாக எழுதினாள். 2071655. ஐந்தில் முடிகிறது, வெட்டினாள். 2071689. இலக்கங்களைக் கூட்டினால் முப்பத்துமூன்று, மூன்றால் பிரிபடும், வெட்டினாள். 2071723.

அதற்கடுத்தது அவள் இறங்கி வந்து நின்ற எண்.

நான் மேசை விளிம்பைப் பிடித்துக்கொண்டேன். முகத்தை ஜன்னல் பக்கம் திருப்பிக்கொண்டேன். முகமும் பேசிவிடும் அல்லவா?

"தட்டு" என்றாள் பவித்ரா.

"நீ தட்டு."

"நீ தட்டுடி!"

கலைச்செல்வி தட்டினாள். ஒன்பது ஒன்று, வகுத்தல், 2071723. ஐம்பத்துமூன்று தரம் போய் மீதி 1309792. அதற்குப் பின்னால் எட்டு ஒன்று. திரும்ப வகுத்தல்.

"அறுபத்துமூனு, இருபத்திரெண்டு, இருபத்துமூனு, அம்பத்தேழு." நிறுத்தினாள். போனைச் சாய்த்துப் பார்த்தாள். விரலால் திரையைத் துடைத்தாள். "புள்ளி இல்ல."

"என்னாது?"

"புள்ளி இல்லடி! புள்ளியே இல்ல!"

மேல்மாடி அதிர்ந்தது. கீழேயிருந்து நானா, "டீச்சர், கூரை உழுந்துட்டா?" என்று கத்தினார்.

பெருக்கிக் காட்டு

அந்தச் சத்தத்துக்கு நடுவில்தான் தலைவர் படியேறி வந்திருக்கிறார். மகளைக் கூட்டிப்போக வந்த மனுஷன். வாசலில் நின்று, ஒருத்தி தோளை மற்றவள் பிடித்துக் குலுக்குவதைப் பார்த்தார். யாருடைய மகள் யாரைப் பிடித்திருக்கிறாள் என்று அவருக்கு விளங்க ஒரு நொடி எடுத்தது.

"அப்பா, உடைஞ்சிருச்சு."

"போன்ல தேடினியா?"

"இல்ல தலைவர்" என்றாள் கலைச்செல்வி. "நடுச்செடி. நாங்க ரெண்டு பேரும் விட்டுட்டோம்."

அவர் என்னைப் பார்த்தார். நான் இரண்டு கையையும் தூக்கிக் காட்டினேன். மாமியார் தலையில் சத்தியம் பண்ணவும் தயார், மாமியார்தான் இன்னும் இல்லை.

"போன நம்ப மாட்டேன். பெருக்கிக் காட்டு."

பலகையில் பெருக்கினார்கள். மேலே 53-ஐயும் 63222357-ஐயும் ஒட்டி வந்த 5363222357, கீழே 2071723. ஒரு வரியை ஒருத்தி, அடுத்த வரியை மற்றவள். எல்லா வரியையும் எழுதிக் கோடு போட்டு, வலது பக்கத்திலிருந்து கூட்டத் தொடங்கினார்கள். முதல் இலக்கம் ஒன்று. அடுத்தது, ஒன்று. கையில் மிச்சம் பிடித்து அடுத்தது, ஒன்று. வகுப்பு சேர்ந்து சொல்லத் தொடங்கியது. ஒன்னு. ஒன்னு. ஒன்னு. எத்தனையோ தடவை பார்த்த எனக்கே மயிர் கூச்செறிந்தது. ஏழும் ஐந்தும் ஆறும் ஒன்பதுமாகக் கண்டபடி கிடக்கிற ஒரு குவியலுக்கு அடியிலிருந்து அப்படி ஒரே முகமாக வரிசையாக வந்து நின்றால் யாருக்குத்தான் இருக்காது?

கடைசி ஒன்று விழுந்ததும் பவித்ரா சோக்கைக் கீழே வைத்தாள்.

தலைவர் பலகைக்குக் கிட்டப் போய், விரலை வைத்து ஒவ்வொன்றாக எண்ணினார். பிறகு பெஞ்சில் உட்கார்ந்துவிட்டார். முகம் வெளுத்திருந்தது. தோற்றுப்போன ஆளின் முகம் என்று நினைத்தேன்.

"நான் காலையில பள்ளிக்கூட அதிபர் வூட்டுக்கே போய் எழுதிக் குடுத்துட்டேனே புள்ள" என்றார். "நேத்து ஒன்னும் இல்லேன்னு சொன்னியே. கலைப் பிரிவுன்னு கையெழுத்துப் போட்டுக் குடுத்துட்டேன்."

நான் மேசையில் கிடந்த இணைந்த கணிதப் புத்தகத்தைப் பார்த்தேன்.

பேசியது கலைச்செல்வி.

"தலைவர், நீங்க எங்க எல்லாரு முன்னாடியும் சொன்னீங்க. தவண இன்னும் முடியல."

அவர் நிமிர்ந்து அவளைப் பார்த்தார். பேச்சுவார்த்தை இல்லாத வீட்டுப் பிள்ளை. நான் எரிந்து விழுவார் என்று நினைத்தேன். "ஆமா, முடியலதான்" என்று மட்டும் சொல்லிவிட்டு எழும்பி, குடையை விட்டுவிட்டு மழையிலேயே இறங்கிப் போனார்.

மிச்சம் நான் கேட்டது. அதிபர் சாப்பிட்டுக்கொண்டிருந்தாராம். பட்டியல் தட்டச்சுக்குப் போய்விட்டது, திங்கட்கிழமை பாருங்கள் என்றாராம். தலைவர் நனைந்த சட்டையோடு வாசலிலேயே நின்று, "நான் அவசரப்பட்டுட்டேங்க சேர். எழுதினத நானே கிழிக்கணும்" என்றாராம். அவர் வாயிலிருந்து அப்படி ஒரு வார்த்தை வந்ததை யாரும் கேட்டதில்லை. அதிபரின் மனைவி எங்கள் அம்மாவுக்குத் தெரிந்தவர், அவர் சொல்லித்தான் எங்களுக்குத் தெரியும். தலைவர் இதுவரை மூச்சு விடவில்லை.

இதைத் தட்டிக்கொண்டிருக்கும்போது பவித்ரா முன் பெஞ்சில் இருக்கிறாள். தொகையிடலில் ஐந்து கணக்குக் கொடுத்தேன். நாலு பிழை.